எழுதும் நேரத்துக்கும் ஒரு விலை உண்டு

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது எமது கிராமங்களில் அடிக்கடி கேட்கும் பழமொழி. கணக்குப் பார்த்தால் மனம் சோர்ந்துபோகும், ஆகவே பார்க்காமல் உழைப்பதே மேல் என்ற கருத்தில்தான் பலரும் இதனைச் சொல்கின்றனர். ஆனால் உழக்கு மிஞ்சாமற் போவதற்குக் கணக்குக் காரணமல்ல. மிஞ்சாமற் போனதைக் கணக்கு எமக்குக் காட்டித் தருகிறது, அவ்வளவே. காட்டித் தந்தால்தான் அடுத்த போகத்தில் எதை மாற்றலாம் என்று யோசிக்க முடியும்.

சிறுதொழில் செய்யும் எமது குழுக்கள் பலவற்றில் கணக்குக் கொப்பி இருக்கிறது. மூலப்பொருள், விறகு, பொலித்தீன் பை, பஸ் கட்டணம் என்று எல்லாம் எழுதப்பட்டிருக்கும். ஆயினும் அண்மைக் காலத்தில் இக்குழுக்களுக்குள் புதிதாக நுழைந்த ஒரு வேலை அந்தக் கொப்பியில் இடம்பெறுவதில்லை. அதுதான் வாடிக்கையாளருக்குத் தொடர்ந்து எழுதும் வேலை. எமது பொருள் என்ன, அது எப்படிச் செய்யப்படுகிறது, அதை எப்படிச் சமைப்பது, இம்மாதம் என்ன கிடைக்கும் என்றெல்லாம் எழுதி, படம் பிடித்து, கைத்தொலைபேசியில் அனுப்பி, வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலை.

வன்னிக் கிராமம் ஒன்றில் ஆறு பெண்கள் சேர்ந்து நடத்தும் குழுவொன்றின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஒடியல் மா, புழுக்கொடியல், மிளகாய்த் தூள், வேப்பம்பூ வடகம் ஆகியவற்றைப் பொதி செய்து விற்கின்றனர். மாமர நிழலில் பாயை விரித்துக் கணக்குக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எழுதுகிற வேலைக்கு இதிலே ஒன்றும் போடவில்லையே?" என்று கேட்டோம்.

"அதுக்குச் செலவில்லைத்தானே சேர்" என்றார் தலைவி. "பிள்ளை இரவில சும்மா இருக்கேக்க போனில எழுதிப் போடுறவ. காசு ஒண்டும் போறேல்லை."

பாயின் ஓரத்தில் ஒரு யுவதி பொதிகளின் வாயை மடித்துக்கொண்டிருந்தாள். உயர்தரம் வரை படித்தவள். குழுவில் எழுத்துவேலை முழுவதும் அவளுடையது. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தலை நிமிராமலே சொன்னாள்: "இரவில நான் சும்மா இருக்கிறேல்லை அக்கா."

அதன் பிறகு அன்று நாம் வேறு எதையும் பேசவில்லை. அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது, அதன் பெறுமதி என்ன, அது குழுவுக்கு எதைத் தருகிறது என்பதையே கணக்குப் பார்த்தோம். வேறு குழுக்களுக்கும் பயன்படும் என்பதால் அந்தக் கணக்கைப் பார்த்த முறையை இங்கே தருகிறோம்.

வியாபாரி ஏன் எழுத வேண்டும்?

பொருளை விற்பவர் வாடிக்கையாளருக்குத் தொடர்ந்து எழுதுவது இன்று தோன்றிய வழக்கமல்ல. அமெரிக்காவில் ஜோன் டியர் என்னும் கொல்லர் 1837 இல் உருக்கு ஏர் ஒன்றைச் செய்தார். அவர் தொடங்கிய நிறுவனம் 1895 இல் விவசாயிகளுக்காக ஒரு சஞ்சிகையை வெளியிட்டது. 'த ஃபரோ' என்பது அதன் பெயர். உழவுச்சால் என்று பொருள். ஏர் வாங்குங்கள் என்று மட்டும் சொல்லாமல், விவசாயிக்குத் தொழிலில் உதவும் விடயங்களையும் அது எழுதியது. 1912 ஆம் ஆண்டளவில் 40 இலட்சத்துக்கும் அதிகமானோர் அதைப் பெற்றனர். நூறாண்டுகளுக்குப் பின்னரும் அது வெளிவருகிறது.

அதே நாட்டில் ஜெலி செய்யும் தூள் ஒன்றைச் செய்தவர் அதை விற்கத் தெரியாமல், அதன் உரிமையை 1899 இல் 450 டொலருக்கு அயலவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். 'ஜெல்-ஓ' என்ற அந்தத் தூளைப் புதிய உரிமையாளராலும் முதலில் இலகுவாக விற்க முடியவில்லை. பெண்கள் படிக்கும் சஞ்சிகைகளில் விளம்பரம் செய்து, பின்னர் சமையற் குறிப்புப் புத்தகங்களை அச்சிட்டு இலவசமாக வழங்கியபோது அது வீட்டுக்கு வீடு போயிற்று. தூள் மாறவில்லை. அதை வைத்து என்ன செய்யலாம் என்பது மக்களுக்குத் தெரிந்தது.

எமது ஒடியல் மாவின் நிலையும் இதுதான். கொழும்பில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்தால் கயர் குறையும் என்பது தெரியாது. தெரியாதவர் ஒருமுறை வாங்குவார், கூழ் கைத்துவிட்டது என்று சொல்வார், மறுமுறை வாங்கமாட்டார். இப்படிப்பட்ட பொருளுக்கு எழுத்து அவசியம்.

மறுபக்கமும் உண்டு. பிரான்சில் டயர் செய்யும் மிஷலின் நிறுவனம் 1900 இல் வாகன ஓட்டிகளுக்கு ஒரு கைநூலை வெளியிட்டது. அப்போது அந்த நாட்டில் 3,000 வாகனங்கள்கூட இருக்கவில்லை. ஆயினும் ஏறக்குறைய 35,000 பிரதிகளை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தனர். சில ஆண்டுகளின் பின் உரிமையாளர்களில் ஒருவர் டயர் கடை ஒன்றுக்குப் போனபோது, ஆட்டம் கண்ட ஒரு வேலை மேசைக்கு முண்டாகத் தமது கைநூல்கள் அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டாராம். 1920 இலிருந்து அந்த நூலுக்கு விலை வைத்தனர். இந்தக் கதையை அந்த நிறுவனமே சொல்லி வருகிறது. எழுதிக் கொடுப்பதெல்லாம் வாசிக்கப்படுவதில்லை என்பது பெரிய நிறுவனத்துக்கும் பொருந்தும், எமக்கும் பொருந்தும். நாம் அச்சிட்டுக் கொடுக்கும் துண்டுப் பிரசுரம் வெற்றிலை சுற்றவும் போகலாம்.

இந்த நிறுவனங்களிடம் வீணாக்கக்கூடிய பணம் இருந்தது. எமது குழுக்களிடம் இருப்பது நேரம் மட்டுமே. அதுவும் அளவானது.

ஒரு மடலுக்கு எவ்வளவு நேரம்?

மாமரத்தின் கீழ் அந்த யுவதியிடம் ஒவ்வொரு படியாகக் கேட்டு எழுதினோம். கிழமைக்கு ஒரு மடல் அனுப்புவதென்றால் வேலைகள் இப்படி அமைகின்றன. இங்கே தரும் இலக்கங்கள் கணக்கு இலகுவாக விளங்குவதற்காக உதாரணமாக அமைத்தவை. உங்கள் குழுவில் மணிக்கூட்டைப் பார்த்து உங்கள் இலக்கங்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எதை எழுதுவது என்று மற்ற அங்கத்தவர்களிடம் கேட்டறிதல்: 40 நிமிடம்.
எழுதுதல்: 90 நிமிடம்.
படம் பிடித்தல்: 30 நிமிடம்.
இன்னொருவருக்கு வாசித்துக் காட்டித் திருத்துதல்: 20 நிமிடம்.
அனுப்புதல்: 20 நிமிடம்.
அந்தக் கிழமை முழுவதும் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுதல்: 100 நிமிடம்.

மொத்தம் 300 நிமிடம். அதாவது 5 மணித்தியாலம். மாதத்துக்கு நான்கு மடல் என்றால் 20 மணித்தியாலம்.

இதைக் கூட்டிச் சொன்னபோது அங்கிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். எழுதும் நேரத்தை மட்டுமே அவர்கள் மனதில் வைத்திருந்தனர். ஆனால் எழுதுவது 90 நிமிடம்தான். ஏனைய 210 நிமிடம் அதற்கு முன்னும் பின்னும் போகிறது. பதில் சொல்லும் வேலைக்குத் தனியாக ஒரு நேரமும் இல்லை. அடுப்பில் பானை இருக்கும்போதும் தொலைபேசி ஒலிக்கும், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போதும் ஒலிக்கும்.

ஒரு மணித்தியாலத்தின் பெறுமதி

நேரத்துக்கு எப்படி விலை வைப்பது? இது பலருக்கும் தடையாக இருக்கும் கேள்வி. விடை இலகுவானது. அதே மணித்தியாலத்தை அவர் குழுவின் வேறு வேலைக்குக் கொடுத்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று பாருங்கள். பொதி செய்யும் வேலைக்கு மணித்தியாலத்துக்கு 200 ரூபா கொடுக்கிறீர்கள் என்றால், எழுதும் மணித்தியாலத்தின் விலையும் குறைந்தது 200 ரூபாதான். அதைவிடக் குறைத்து மதிப்பிடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

இப்போது மாதச் செலவைப் பார்ப்போம்.

நேரம், 20 மணித்தியாலம்: 4,000 ரூபா.
டேட்டாவும் அழைப்புகளும்: 800 ரூபா.
பொதிக்குள் வைக்கும் சிறு தாள் அச்சிடல்: 600 ரூபா.
கைத்தொலைபேசித் தேய்மானம்: 500 ரூபா.

கடைசி வரியைச் சற்று விளக்க வேண்டும். 48,000 ரூபா கொடுத்து வாங்கிய தொலைபேசி நான்கு வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதத்துக்கு 1,000 ரூபா தேய்கிறது. அதில் பாதி குழுவின் வேலைக்குப் பாவிக்கப்படுகிறது. தொலைபேசி அந்த யுவதியின் சொந்தம் என்பதால் இதுவரை யாரும் இதனைச் செலவாக நினைக்கவில்லை.

மொத்தம் 5,900 ரூபா. "காசு ஒண்டும் போறேல்லை" என்று சொல்லப்பட்ட வேலையின் மாதச் செலவு இது.

எத்தனை பொதி விற்க வேண்டும்?

செலவு தெரிந்தால் மட்டும் போதாது. அச்செலவை ஈடுசெய்ய எவ்வளவு மேலதிகமாக விற்க வேண்டும் என்பதையும் அறிய வேண்டும். இதற்கு ஒரு பொதியில் மிஞ்சும் இலாபம் தேவை. மூலப்பொருள், கூலி, பை, போக்குவரத்து எல்லாம் கழித்து ஒரு பொதியில் 60 ரூபா மிஞ்சுகிறது என்று கொள்வோம். 5,900 ஐ 60 ஆல் வகுத்தால் 98 இற்குச் சற்று அதிகம். ஆகவே எழுதுவதன் காரணமாக மாதத்துக்கு 99 பொதிகள் மேலதிகமாக விற்றாலே செலவும் வரவும் சமன். அதற்குக் குறைந்தால் நட்டம். இப்போது மாதம் 400 பொதி விற்கும் குழுவென்றால் விற்பனை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கூடவேண்டும்.

பலர் இவ்விடத்தில் ஒரு தவறு செய்கின்றனர். ஒரு பொதியின் விலை 350 ரூபா, ஆகவே 17 பொதி விற்றால் 5,900 ரூபா வந்துவிடும் என்று கணக்கிடுகின்றனர். அது விற்பனைப் பணம். அதிலிருந்து கிழங்குக்கும் பைக்கும் கூலிக்கும் கொடுத்தாக வேண்டும். எழுத்துச் செலவை ஈடுசெய்வது இலாபம் மட்டுமே.

இனி இதே கணக்கை மாதத்துக்கு ஒரு மடல் என்று மாற்றிப் பார்ப்போம். ஒரு மடலைத் தயாரித்து அனுப்ப 3 மணித்தியாலம் 20 நிமிடம். மாதம் முழுவதும் பதில் சொல்ல 2 மணித்தியாலம் 40 நிமிடம். மொத்தம் 6 மணித்தியாலம், 1,200 ரூபா. டேட்டா 400, அச்சு 300, தேய்மானம் 300. எல்லாமாக 2,200 ரூபா. இதற்கு 37 பொதிகள் போதும். கிழமைக்கு ஒன்பது பொதி அளவில்.

நான்கு மடலை ஒன்றாகக் குறைத்தால் விற்பனையும் நாலில் ஒன்றாகக் குறையும் என்று நினைக்க வேண்டாம். கிழமைதோறும் வரும் செய்தியைப் பலர் திறக்காமலே விட்டுவிடுவர். மாதம் ஒருமுறை வரும் நல்ல மடலைக் காத்திருந்து வாசிப்போரும் உண்டு. எது உங்கள் வாடிக்கையாளருக்குப் பொருந்தும் என்பதைப் பரீட்சித்துத்தான் அறியலாம்.

வரவுப் பக்கம்

எழுத்தினால் வரும் நன்மை புதிய வாடிக்கையாளர் மட்டுமல்ல. மூன்று வகை வரவுகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலாவது, புதிதாக வருபவர். இதை அறிவதற்குச் செலவில்லாத வழி, ஒவ்வொரு புதியவரிடமும் "எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?" என்று கேட்பதாகும். கொப்பியில் கடை, உறவினர், மடல் என்று மூன்று நிரல்கள் போட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போடுங்கள்.

இரண்டாவது, திரும்ப வருபவர். ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்கினால் அவரைத் தேடிப்போகும் செலவு எமக்கு இல்லை. சமையற் குறிப்பின் பலன் பெரும்பாலும் இங்கேதான் தெரியும்.

மூன்றாவது, மிச்சமாகும் நேரம். "ஒடியல் கூழ் எப்படிக் காய்ச்சுவது?" என்று மாதம் பன்னிரண்டு பேர் தொலைபேசியில் கேட்கின்றனர், ஒவ்வொருவருக்கும் 10 நிமிடம் போகிறது என்றால் 2 மணித்தியாலம். அதைத் தெளிவாக எழுதிப் பொதிக்குள் வைத்துவிட்டால் அரைவாசிப் பேர் கேட்கமாட்டார்கள். மாதம் ஒரு மணித்தியாலம் மிச்சம். இதையும் வரவாக எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை. தைப்பொங்கலுக்கும் நத்தாருக்கும் விற்பனை எப்படியும் கூடும். அதை மடலின் பலன் என்று எண்ணக் கூடாது. சென்ற வருடம் இதே மாதத்தில் எவ்வளவு விற்றோம் என்பதோடு ஒப்பிடுவதே சரியான முறை.

பச்சைக் கிழங்கும் ஒடியலும்

பனங்கிழங்கைக் கிண்டியெடுத்து அப்படியே வைத்திருந்தால் சில நாட்களில் பழுதாகிவிடும். கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவை மாதக் கணக்கில் இருக்கும். பாடு ஒருமுறை, பயன் பலமுறை.

எழுத்திலும் இந்த இரண்டு வகை உண்டு. "இன்று புதிய மிளகாய்த் தூள் இடித்தோம், வாருங்கள்" என்பது பச்சைக் கிழங்கு. மறுநாள் அதனால் பயனில்லை. ஒடியல் மாவின் கயரை எடுப்பது எப்படி, புழுக்கொடியலைப் பூச்சி பிடிக்காமல் வைத்திருப்பது எப்படி, வடகத்தை எந்தச் சூட்டில் பொரிப்பது, எமது தூளில் என்னென்ன சரக்கு சேர்கிறது என்பவை ஒடியல். ஒருமுறை கவனமாக எழுதினால் மூன்று வருடத்துக்குப் பின்னும் அதே தாளைக் கொடுக்கலாம், கேட்பவருக்கு அதையே அனுப்பலாம்.

எழுத மூன்று மணித்தியாலம் செலவாகிய ஒரு சமையற் குறிப்பு மூன்று வருடம் பயன்பட்டால் மாதத்துக்கு 5 நிமிடம்தான் செலவு. அரை மணித்தியாலத்தில் எழுதிய ஒருநாட் செய்தி அதைவிட விலை கூடியது. நேரம் குறைவாக உள்ள குழுக்கள் முதலில் நிலைத்து நிற்கும் எழுத்துகள் ஐந்தாறைச் செய்து வைத்துக்கொள்வது நல்லது. ஒருநாட் செய்திக்கு இரண்டு வரி போதும்.

கவனிக்க வேண்டியவை

கையில் இல்லாத பொருளைப் பற்றி எழுத வேண்டாம். மடலைப் பார்த்து நூறு பொதி கேட்டு, எம்மிடம் இருபதுதான் இருந்தால் எண்பது பேரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிவரும். அதற்கும் நேரம் போகும், நல்ல பெயரும் போகும். வெளிநாட்டிலிருந்து உறவுகள் ஆவலோடு கேட்பார்கள். அனுப்பும் செலவு பொருளின் விலையை மிஞ்சுமா என்று பார்த்த பின்னரே பதில் எழுதுங்கள். அனுப்பக்கூடிய இடங்கள் எவை என்பதை மடலின் அடியிலேயே போட்டுவிட்டால் வீண் கேள்விகள் குறையும்.

நோய் தீரும் என்று எழுத வேண்டாம். "நீரிழிவைக் குணமாக்கும்" என்ற ஒரு வரி விற்பனையைக் கூட்டலாம் என்று தோன்றும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ், வாங்குபவரை ஏமாற்றும் விதமாக உணவுப் பொருளை விளம்பரம் செய்வது குற்றம். பொதியின் மேலுள்ள எழுத்துக்கு மட்டுமல்ல, விளம்பரத்துக்கும் இது பொருந்தும். சந்தேகமிருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

வேலை மிகுந்த காலத்தில் எழுத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிழங்கு கிண்டிக் கிழித்துக் காயவைக்கும் காலத்தில் ஒரு மணித்தியாலத்தின் விலை 200 ரூபாவை விடக் கூட. வெயில் இருக்கும்போது காயாத கிழங்கைப் பின்னர் எழுதிக் காயவைக்க முடியாது. அக்காலத்துக்கான மடலை மழை நாட்களிலேயே எழுதி வைக்கலாம்.

செலவுகள் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதை எமக்கு நன்கு கற்பித்தது. அவ்வருடம் மார்ச் மாதத்தில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அம்மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் வெட்டப்பட்டது. ஓகஸ்ட் மாதத்தில் சாதாரண கடிதத்துக்கான முத்திரைக் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாயிற்று. செப்டெம்பரில் கைத்தொலைபேசிக் கட்டணங்கள் 20 வீதம் கூடின. அச்சிட்ட தாள், தபால், தொலைபேசி என்று எந்த வழியில் எழுதினாலும் அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலை நிலையானதல்ல. ஆகவே எழுத்துச் செலவின் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறையாவது திரும்பப் போட வேண்டும்.

மூன்று மாதப் பரீட்சை

எழுதலாமா வேண்டாமா என்று கூட்டத்தில் விவாதித்துக்கொண்டிருப்பதிலும் பார்க்க மூன்று மாதம் பரீட்சித்துப் பார்ப்பது நல்லது. அதற்கான படிகள் இவை.

1. மாதத்துக்கு எத்தனை மணித்தியாலம் கொடுக்கலாம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதன் பிறகு அந்த நேரத்துக்குள் எத்தனை மடல் முடியும் என்று பாருங்கள். மடலின் எண்ணிக்கையை முதலில் தீர்மானித்தால் நேரம் கைமீறிப் போகும்.

2. கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி, எழுதுபவர் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் ஒவ்வொரு முறையும் எழுதட்டும். பதில் சொல்லும் நேரத்தையும் சேர்க்கவும்.

3. பதில் சொல்வதற்கு நாளில் ஒரு நேரத்தை வையுங்கள். "மாலை 4 மணி முதல் 5 மணி வரை பதில் தருவோம்" என்று மடலிலேயே சொல்லிவிடலாம். வாடிக்கையாளர் கோபிக்கமாட்டார்.

4. புதியவர், திரும்ப வருபவர் ஆகியோருக்கான கோடுகளைத் தவறாமல் போடுங்கள்.

5. மூன்றாம் மாத முடிவில் மொத்தச் செலவையும் மேலதிக இலாபத்தையும் எதிரெதிரே எழுதுங்கள். மாதம் ஒரு மடல் என்ற எமது உதாரணத்தில் மூன்று மாதத்துக்கு 110 பொதிகள் மேலதிகமாக விற்றிருக்க வேண்டும்.

6. செலவு மிஞ்சினால் குறையுங்கள் அல்லது நிறுத்துங்கள். நிறுத்துவது தோல்வியல்ல. அந்த நேரத்தை வேறு ஒரு கடையோடு பேசுவதற்கோ கிழமைச் சந்தைக்குப் போவதற்கோ பயன்படுத்தலாம். எழுதி வைத்த சமையற் குறிப்புகள் எப்படியும் கையில் இருக்கும்.

எழுதும் வேலையைப் பணம் கொடுத்து வெளியாரிடம் ஒப்படைக்கலாமா என்றும் சிலர் கேட்கின்றனர். ஒப்படைத்தாலும் எதை எழுதுவது என்று சொல்லிக்கொடுக்கவும், எழுதியதைச் சரிபார்க்கவும், பதில் சொல்லவும் குழுவின் நேரம்தான் போகும். எழுதும் 90 நிமிடத்தை மட்டுமே பணம் கொடுத்து வாங்க முடியும்.

யாருடைய நேரம்?

இலாப நட்டம் ஒரு புறமிருக்க, இந்தக் கணக்கில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. குழுவுக்கு நன்மை வரும் வேலையின் பாரம் யார் தலையில் இருக்கிறது?

எமது கிராமங்களில் பெண்களின் வேலை பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. தண்ணீர் அள்ளுவதும் சமைப்பதும் நோயாளியைப் பராமரிப்பதும் வேலையாகக் கருதப்படுவதில்லை. இந்த நிலையை மாற்றவே நாம் பெண்கள் குழுக்களை அமைத்தோம். அந்தக் குழுவுக்குள்ளேயே ஒருத்தியின் இரவு நேரம் "சும்மா" என்று எழுதப்படாமற் போவது வருந்தத்தக்கது. படித்த பிள்ளை, எழுதத் தெரிந்த பிள்ளை என்று பாராட்டுவது எவருக்கும் ஊதியமாகாது. அவள் ஒருநாள் திருமணமாகியோ வேலை கிடைத்தோ போய்விட்டால் எழுத்துவேலை அன்றோடு நின்றும் போகும். அந்த நேரத்துக்கு விலை வைத்த குழு, அதை இரண்டு பேராகப் பகிர்ந்துகொள்ளவும் யோசிக்கும். விலை வைக்காத குழுவுக்கு அப்படி யோசிக்கத் தோன்றாது.

அன்று அந்தக் குழு ஒரு முடிவுக்கு வந்தது. மாதத்துக்கு ஒரு மடல். எழுதுவது அந்த யுவதி, பதில் சொல்வது இன்னொருவர். கூழ்க் குறிப்பை வயதில் மூத்த அங்கத்தவர் சொல்லச் சொல்ல எழுதுவது. எழுதும் நேரமும் பதில் சொல்லும் நேரமும் பொதி செய்யும் வேலையைப் போலவே கொப்பியில் பதியப்படும்.

தலைவி கொப்பியின் புதிய பக்கத்தில் கோடு போட்டுவிட்டு, "பிள்ளை, போன மாதம் எத்தனை மணித்தியாலம் எண்டு சொல்லு, அதையும் போடுவம்" என்றார்.

அவள் சற்று யோசித்துவிட்டு ஓர் இலக்கத்தைச் சொன்னாள். அவள் கூட்டித்தான் சொன்னாளா, குறைத்துச் சொன்னாளா என்று எவரும் கேட்கவில்லை. நாம் நினைக்கிறோம், குறைத்துத்தான் சொல்லியிருப்பாள்.

குழுவில் கலந்துரையாட

1. எமது குழுவில் கணக்குக் கொப்பியில் பதியப்படாத வேலைகள் எவை? அவற்றைச் செய்பவர் யார்?

2. எமது ஒரு பொதியில் எல்லாச் செலவும் கழித்து மிஞ்சும் இலாபம் எவ்வளவு? அங்கத்தவர் எல்லோருக்கும் அது தெரியுமா?

3. எமது பொருளைப் பற்றி மூன்று வருடம் பழுதாகாமல் இருக்கக்கூடிய குறிப்புகள் எவை? அவற்றைச் சொல்லக்கூடியவர் யார், எழுதக்கூடியவர் யார்?

4. வாடிக்கையாளருக்கு எழுதுவதை அடுத்த மூன்று மாதம் நிறுத்தினால் எமது விற்பனையில் என்ன நடக்கும் என்று நினைக்கிறோம்? அதை எப்படிப் பரீட்சித்து அறியலாம்?